வெர்லினுக்குப் பசிக்கவில்லை

"மூணு முட்டை தின்னேன், நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே, அதுக்கு மேல—"

"அதைத்தான் நானும் கேக்கறேன். மூணு முட்டை தின்ன மனுஷன்—"

"—ஓட்ஸும் தின்னேன்—"

"—ரெண்டு பவுண்டு எப்படிக் கூடுவான்? காத்தைக் குடிச்சா?"

வெர்லின் எடைக் கருவியை விட்டு இறங்கினார். முள் பூஜ்யத்துக்குப் போய், தனக்கு எதுவும் தெரியாது என்பதுபோல நின்றது.

"மெஷின்ல கோளாறு, ஆர்டிஸ்."

"கோளாறுன்னா நானும்ல கூடியிருக்கணும்?"

வெர்லின் கருவியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, சட்டையைத் தேடிப் போனார்.

எடையைக் குறைக்காவிட்டால் வெர்லினின் இதயம் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மனைவி ஆர்டிஸின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்தவர். அவள் கண்முன்தான். அதனால் மருத்துவமனை நடத்தும் சாப்பாட்டு வகுப்பில் சேர்ந்தாள். புரதம் வயிற்றை விட்டுச் சீக்கிரம் கிளம்பாது; நார்ச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதிக்கொண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும்; அப்புறம் பசி தானாகவே வாயை மூடிக்கொள்ளும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். முட்டையும் ஓட்ஸும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன.

ஆனால் வெர்லின் தினமும் மத்தியானம் கூட்டுறவுக் கடையில் காபி குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது சட்டையில் கறை இருந்தது.

"இது என்ன?"

"கிரேவி மாதிரி இருக்கு."

"காபியில இப்ப கிரேவி ஊத்தறாங்களா?"

"பக்கத்துல ஒருத்தர் கை தட்டிடுச்சு."

பொய் சொன்னால் வெர்லினின் காது சிவந்துவிடும். சிவந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் பின்னாலேயே போய்ப் பார்க்கமாட்டோம், சமைப்போம். ஆர்டிஸ் காலைச் சாப்பாட்டில் கறுப்பு பீன்ஸைச் சேர்த்தாள்.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் மௌனப் பிரார்த்தனையின்போது வெர்லினின் வயிறு மட்டும் வாய்விட்டு ஜெபித்தது. பாதிரியார் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். அது முடிகிறமாதிரி தெரியவில்லை. மரியாதைக்காக ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் ஆர்டிஸுக்குத் தாங்கவில்லை.

எடையோ இன்னும் ஒரு பவுண்டு ஏறியது.

அடுத்தது இசப்கோல் என்ற நார்த்தூள். ஆரஞ்சுச் சாற்றில் கலந்து கொடுத்தாள். வெர்லின் செய்தித்தாளைப் புரட்டி முடிப்பதற்குள் அது தம்ளரில் கெட்டியாகிவிட்டது.

"இதைக் குடிக்கணுமா, வெட்டிச் சாப்பிடணுமா?"

"எப்படியாவது உள்ள போனா சரி."

அன்றைக்கும் கிரேவியோடுதான் வந்தார். எனவே சூப். பார்லி, பயறு, கோழிக்கறி எல்லாம் போட்டு, கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில். அவர் கிளம்புவதற்குச் சற்று முன்னால் பெரிய கிண்ணம் நிறைய வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

"இதைச் சாயங்காலம் குடிக்கறேனே."

"ஏன், மத்தியானம் எங்கேயாவது விருந்தா?"

வெர்லின் கரண்டியைச் சூப்பில் நட்டார்; நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒருநாள் உங்க அம்மாவைப் போய்ப் பார்க்கலாமா? ரெண்டு பேருமா?"

ஆர்டிஸின் முகம் இறுகியது. அம்மா போர்கில்ட் ஊர்க்கோடி முதியோர் இல்லத்தில் இருந்தார். நினைவு போய்விட்டது. கடைசியாக ஆர்டிஸ் ஊட்டிவிடப் போனபோது, கரண்டியைத் தட்டிவிட்டு, "யார் இவ? என் சமையலறையை விட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். ஆர்டிஸ் காரில் உட்கார்ந்து அழுதாள். அதோடு சரி.

"நான் போனா அவங்க சாப்பிடறதில்ல. இப்ப நல்லாச் சாப்பிடறாங்கன்னு போன மாசம் நர்ஸ் சொன்னா. அந்த ஒரு கவலையாவது இல்லாம இருக்கு. அதையும் நான் போய்க் கெடுக்கணுமா?"

வெர்லின் கரண்டியைப் பிடுங்கி எடுத்தார். சூப்பைக் குடித்தார்.

சூப் வேலை செய்தது. அன்று சட்டை சுத்தமாக இருந்தது. மறுநாளும். வார முடிவில் முள் கீழே இறங்கியிருந்தது. ஆர்டிஸ் அதைக் குனிந்து பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். அப்பா போனபிறகு நிம்மதியாக மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

"பசிக்குதா வெர்லின்?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"ஒரு வாய்க்குக்கூட இடமில்ல." துக்கம் சொல்லவந்த ஆள்போலச் சொன்னார். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, படுக்கப் போய்விட்டார்.

இனிப்பு கிடைக்காத கோபம் என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

"முதியோர் இல்லத்துச் சமையலறையிலேர்ந்து நடீன் பேசறேன். வெர்லின் இருக்காரா?"

"படுத்திருக்கார். நான் ஆர்டிஸ். அம்மாவுக்கு ஏதாவது?"

"அய்யோ, உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னார். நீங்க வருத்தப்படுவீங்களாம்." நடீன் தயங்கினாள். "தினம் மத்தியானம் உங்க அம்மா மேசையில அவர்தான் விருந்தாளி. அறுவடைக்கு வந்த ஆள்னு நினைச்சுக்கறாங்க. விருந்தாளி ரெண்டாந்தரம் வாங்கிக்காம வீட்டுக்காரி சாப்பிடக்கூடாதாமே?"

கூடாது. எங்கள் பண்ணைவீடுகளில் எல்லாம் அப்படித்தான். அறுவடைக்காரர்கள் மறுபடி தட்டை நீட்டும்வரை அம்மா பாத்திரத்தோடு நின்றுகொண்டே இருப்பதை ஆர்டிஸ் எத்தனையோ கோடையில் பார்த்திருக்கிறாள்.

"அவர் ரெண்டு தட்டு சாப்பிடுவார், இவங்களும் ஒரு தட்டு சாப்பிட்டுடுவாங்க. இந்த வாரம் அவரால முதல் தட்டே முடியல. முழுங்கிப் பார்த்தார், பாவம், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. 'என் சமையல் பிடிக்கலபோல'ன்னு சொல்லி உங்க அம்மா தன் தட்டைத் தள்ளி வெச்சுட்டாங்க. அன்னைலேர்ந்து வெறும் தண்ணிதான் இறங்குது. நாங்க ஊட்டினா வாயைத் திறக்கமாட்டேங்கறாங்க."

ஆர்டிஸ் அடுப்பிலிருந்த சூப் பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆர்டிஸ், கேக்கறீங்களா? நாளைக்கு அவரைக் கொஞ்சம் பசியோட அனுப்பி வைப்பீங்களா?"