பத்தடி தள்ளி நிற்கும் வண்டி

சாலைப் பாதுகாப்பு இயக்ககத்தின் இயக்குநருக்குக் கார் ஓட்டும் பொறுப்பு பதினோரு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இதுவரை ஒரு கோழியைக்கூட நான் இடித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. விசாரணையில் கேட்டார்கள், சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் அலுவலக வாசலில் தரையில் இரண்டு கோடுகள் உண்டு. மஞ்சள் கோட்டில் நான் பிரேக்கை மிதிக்க வேண்டும். வெள்ளைக் கோட்டில், வாசல் கூரைக்குக் கீழே வண்டி நிற்க வேண்டும். வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஆறாவது அடியில், வண்டிக்கு நேர் எதிரே வாசல் காவலாளி நின்று இயக்குநருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சாலை ஒழுங்கு சொல்லிக் கொடுக்கிற அலுவலகம், வாசலிலாவது அது இருக்கட்டும் என்று யாரோ ஒரு பழைய இயக்குநர் செய்த ஏற்பாடு. அந்தக் காவலாளி என் தங்கை புருஷன்.

ஒரு திங்கட்கிழமை காலை, காரில் ஏபிஎஸ் என்ற எழுத்துகளோடு, பிரேக் கோளாறைச் சொல்லும் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வழக்கம்போலக் கோட்டில் மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறியது. வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் மேலும் ஏழடி போய்த்தான் நின்றது. மாப்பிள்ளை சல்யூட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பூந்தொட்டிமேல் தாவி ஏறிவிட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பின்சீட்டில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் நிமிர்ந்து, "சல்யூட் எங்கே?" என்று கேட்டார்.

மாலைக்குள் மாப்பிள்ளைக்கு மெமோ வந்தது. 'சல்யூட் நிறைவுறும் முன்னரே தாங்கள் பணியிடத்தை விட்டு மேல்நோக்கி அகன்றதற்கான காரணத்தை மூன்று தினங்களுக்குள் தெரிவிக்கவும்.' உயிர்பயம் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லை என்று கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

வண்டியை அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போனேன். ஒர்க்‌ஷாப் என்று சொன்னால் அங்கே கோபித்துக்கொள்வார்கள். 'வாகன நல மையம்' என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு, சோபா, மெல்லிய இசை. எண்ணெய்க் கறை மட்டும் எங்கேயும் இல்லை. கழுத்துப்பட்டி கட்டிய ஆலோசகர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார், உங்க வண்டி இப்போ எப்படி ஃபீல் பண்ணுது?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் ஃபீல் பண்றேன். நிக்க மாட்டேங்குது."

"நிக்கவே மாட்டேங்குதா, இல்ல நிக்குது, ஆனா உங்க எதிர்பார்ப்புக்கு நிக்கலையா?"

"ஏழடி தள்ளி நிக்குது."

"அப்போ நிக்குது" என்று கையிலிருந்த பலகையில் குறித்துக்கொண்டார்.

வண்டியில் கணினியைச் செருகினார்கள். குறை ஏதுமில்லை என்றது கணினி. மென்பொருளைப் புதுப்பித்தார்கள், வண்டியைக் கழுவினார்கள், எலுமிச்சை வாசனையில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள். 'பழுது முற்றிலும் நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்திய சான்றிதழும் கொடுத்தார்கள். மறுநாள் காலை வண்டி சரியாகப் பத்தடி தள்ளி நின்றது. மாப்பிள்ளை இந்த முறை தொட்டியைத் தாண்டி மதில்மேல் ஏற வேண்டியிருந்தது.

எனக்கும் கொஞ்சம் மூளை உண்டு. அடுத்த நாள் மஞ்சள் கோட்டுக்குப் பத்தடி முன்னாலேயே மிதித்தேன். வண்டி வெள்ளைக் கோட்டில் வந்து அழகாக நின்றது. பதினொரு மணிக்குக் கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"எதுக்குய்யா முன்னாடியே மிதிச்சே?"

"இல்லன்னா பத்தடி தள்ளிப் போயிடுது சார்."

"அப்போ வண்டி பழுதுன்னு சொல்றியா?"

"ஆமா சார்."

"பழுது நீக்கியாச்சுன்னு சான்றிதழ் இருக்கு. நீ முன்னாடி மிதிச்சா சான்றிதழ் பொய்னு ஆகுது. சான்றிதழ் பொய்னா அதை வாங்கி ஃபைல்ல வெச்ச நான் யாரு?"

மறுநாள் மறுபடியும் மஞ்சள் கோட்டிலேயே மிதித்தேன்.

இயக்குநர் நியாயமான மனிதர். சான்றிதழ் சரி, ஓட்டுநரும் விதிப்படி மிதிக்கிறான். அப்படியானால் தவறு வெள்ளைக் கோட்டில்தான் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். ஒரே வாரத்தில் கோட்டைப் பத்தடி தள்ளிப் போட்டார்கள். வாசல் கூரையை நீட்ட விதியில் இடமில்லை, நகர்த்த இருந்தது. ஆகவே கழற்றிப் பத்தடி தள்ளி மாட்டினார்கள். குறுக்கே இருந்த மதிலை இடித்தார்கள். எல்லாம் நகர்ந்தது, சல்யூட் அடிக்கும் இடம் மட்டும் நகரவில்லை. கோடும் கூரையும் வாகனப் பிரிவு. மனிதன் நிற்கும் இடமோ பணியாளர் பிரிவு. அந்தக் கோப்பு தனியாக நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் தங்கை என் வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, தினம் ரெண்டு வேளை குதிக்கிறாரு. முட்டி ரெண்டும் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு. இப்போ ஏறுறதுக்கு மதிலும் இல்ல. உன் வண்டியால அவர் காலு போச்சுன்னா, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன், ஆமா."

இரவெல்லாம் அதே நினைப்பு. கூடப் பிறந்தவள், ஒரே ஒருத்தி. விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே, சக்கரம் சுழலும் வேகத்தை பிரேக்குக்குச் சொல்கிற, விரல்முனை அளவில் ஒரு சென்சார். அதன்மேல் துருவும் சேறும் அப்பிக் கிடந்தன. பழைய பனியனால் துடைத்து மாட்டினார். விளக்கு அணைந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஏன், சான்றிதழ் எழுதிக் குடுக்கணுமா?"

அன்றைக்கென்று பார்த்து மழை. மஞ்சள் கோட்டில் மிதித்தேன். வண்டி வெண்ணெய்போல் பழைய இடத்திலேயே நின்றது. ஆறடி எதிரில் மாப்பிள்ளை நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு முழு சல்யூட்டை அடித்து முடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இயக்குநர் வழக்கம்போலக் கைபேசியைப் பார்த்தபடியே இறங்கினார். கூரை பத்தடி தள்ளி இருந்தது.

விசாரணையில் குற்றச்சாட்டு ஒன்றுதான். நல்ல நிலையில் இருப்பதாகச் சான்றளிக்கப்பட்ட வண்டியில் அனுமதியின்றிக் கைவைத்து, அதை நிற்கச் செய்தது. மூன்று நாளில் வண்டியைச் சான்றிதழில் உள்ள நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் பணிநீக்கம். மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"அண்ணே, இதைக் கெடுத்துக் குடுங்க."

"எனக்குச் சரி பண்ணத்தான் தெரியும். கெடுக்கணும்னா பெரிய இடத்துக்குப் போ."

வாகன நல மையத்தில் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். மீண்டும் பத்தடி, அங்குலம் பிசகவில்லை. அதே நாள் பணியாளர் பிரிவுக் கோப்பும் வந்துசேர்ந்து, மாப்பிள்ளை நிற்கும் இடமும் பத்தடி தள்ளிப் போனது. தங்கை என்னோடு முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தாள். இத்தோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

ஆனால் வெளியிலிருந்து வருகிற அதிகாரிகளின் கார்களெல்லாம் கூரைக்குப் பத்தடி முன்னாலேயே நின்றன. வந்தவர்கள் ஒவ்வொருவராக நனைந்தார்கள். ஊரிலுள்ள வாகனங்களில் பிரேக் பரவலாகக் கெட்டுப்போயிருக்கிறது என்று இயக்ககம் முடிவுக்கு வந்தது. எல்லா வண்டிகளும் பத்தடித் தரத்துக்கு வந்தாக வேண்டும் என்று ஆணை பிறந்தது. அந்தத் தரத்தை அறிந்த ஒரே ஆள் என்பதால் என்னைத் தரச் சோதனை அலுவலராக்கினார்கள்.

சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர்கூட வரவில்லை. விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். "சார், எட்டடி வந்துடுச்சு, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கெஞ்சுகிறார்கள். வசதியுள்ளவர்கள் பன்னிரண்டு, பதினைந்து என்று ஏற்றி வைத்துக்கொண்டு, வண்டியின் பின்னால் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பத்தடி வண்டி வைத்திருக்கிறவனைப் பக்கத்து வீட்டுக்காரன் மதிப்பதில்லை.

சாலையைக் கடக்கும் பொதுமக்களுக்காக இயக்ககம் குதிக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. முன் அனுபவம் கருதி மாப்பிள்ளையைத் தலைமைப் பயிற்றுநராக நியமித்தார்கள். இப்போது அவருக்குத் தனி அறை இருக்கிறது.

சோதனை விதிப்படி நான் பதினோராவது அடியில், வண்டிக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். நேற்று வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, "நம்மளது பதினஞ்சு அடி சார்!" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். வேட்டி கிழிந்ததோடு தப்பித்தேன். நேராக மாப்பிள்ளையின் அறைக்கு ஓடினேன்.

"மாப்ள, என்னையும் வகுப்புல சேத்துக்கோ."

"மூணு மாசம் ஆகும் மச்சான். உங்களுக்கு முன்னாடி இயக்குநர் பதிஞ்சு வெச்சிருக்காரு."