மரத்திலிருந்து வந்த பதில் சலாம்

ஒரு மிருகத்தைக் கவனிக்கப் போகிறவன் முதலில் கவனிக்க வேண்டியது, அது தன்னை எவ்வளவு நேரமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

மிருகங்களின் நடத்தையை அவதானித்து அறிக்கை எழுத வேண்டும் என்றார் ஆசிரியை. மாத்தளையில் மிருகக்காட்சிசாலை கிடையாது. சீகிரியாவில் செங்குரங்குகள் இருக்கின்றன. கூண்டு மட்டும்தான் இல்லை. (கூண்டு யாருடைய பாதுகாப்புக்கு என்பது அன்றுதான் விளங்கியது.) "பாருங்க, எழுதுங்க. எது நடந்தாலும் தலையிடக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

என் போனில் படம் மங்கலாக விழும். அதனால் என் மூத்த சகோதரி ரிஸ்னா ராத்தாவின் புதுப் போனைக் கேட்டேன். அவருக்குக் கலேவெல ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. முன்பு வந்த சம்பந்தம் காரணம் சொல்லாமலே கலைந்து, உம்மா வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தார். இந்த முறை மாப்பிள்ளையின் தாயார், நான் சீகிரியா போகும் அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வீடியோ அழைப்பில் பெண்ணின் முகம் பார்ப்பதாக ஏற்பாடு.

"அஸருக்கு முந்தி போன் என்ட கையில ஈக்கணும். இல்லாட்டி நீ ஊட்டுக்கே வராத" என்றார் ராத்தா.

சீகிரியாவில் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து, ஒரு கல்லின் மேல் வைத்துப் படம்பிடித்தேன். பெரிய ஆண் குரங்கு ஒன்று நிதானமாக இறங்கி வந்து போனைத் தூக்கியது.

"டேய், உன்ர ராத்தாவின்ர போனடா!" என்று கத்தினான் கூட வந்த சுதன். (தகப்பன் யாழ்ப்பாணம், உத்தியோகம் மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில்.)

"கத்தாத மச்சான். தலையிடக்கூடாது."

சொன்னது நான்தான். குரங்கு போனை மோந்தது, மூலையைக் கடித்துப் பார்த்தது, பிறகு மரத்தில் ஏறியது. அப்போதுதான் எனக்கு அஸர் நினைவுக்கு வந்தது. மேலே போன் மணி அடித்தது. ஒளிர்ந்த திரையைக் குரங்கு விரலால் தடவியது. மாப்பிள்ளையின் தாயாருடைய குரல் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மகள்! பக்கத்து ஊட்டாக்கள் எல்லாரும் வந்திட்டாங்க, அதான் நேரத்தோட எடுத்தேன். மொகத்தக் கொஞ்சம் காட்டுங்களே!"

குரங்கு காட்டியது.

சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. சிறுவயதிலேயே ஊறிப்போனது, மூளையைக் கேட்டுக்கொண்டு வராது. மரத்தடியில் நின்று முழுக் குரலில் சொன்னேன்:

"வஅலைக்குமுஸ்ஸலாம், மாமி!"

அதே கணத்தில் குரங்கு வாயை அகலத் திறந்தது.

பிறகு "யா அல்லாஹ்!" என்று அறை நிறைந்த பெண்களின் அலறல். குரங்கு போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்தது. சருகில் கிடந்த போனின் திரை வெடித்திருந்தது; அழைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை.

"அது பதில் செல்லிச்சி! நான் என்ட கண்ணால பாத்தேன்!" என்றது உள்ளேயிருந்து பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியின் குரல்.

விளக்கம் சொல்லியிருக்கலாம். நான் அழைப்பைத் துண்டித்தேன்.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயங்கரம். உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்தா வெடித்த போனை வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை வாசலில் ஒரு வேன் நின்றது. மாமி நேரிலேயே வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை.

"நேத்து பதில் சலாம் செல்லினது யாரு?"

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தினேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதிரையில் விழுந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"மரத்துல ஈக்கிற கொரங்குக்குச் சலாம் செல்லினாலும் பதில் வாற ஊடு. இங்க பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்கிற? எங்க மகள், வாங்க, ஒங்கட மொகத்தையும் பாப்போம்."

அறிக்கைக்கு ஆசிரியை குறைந்த புள்ளிதான் போட்டார். தலையிட்டுவிட்டேனாம்.

இன்றும் கலேவெலயில் ராத்தா வீட்டுக்குப் போய், வாசலில் நின்று சலாம் சொன்னால், உடனே யாரும் பதில் சொல்வதில்லை. மாமி, மச்சான், ராத்தாவின் பிள்ளைகள், எல்லோரும் முதலில் முற்றத்து மாமரத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.