சூலத்துக்குத் தப்பிய பை

லிஸ்ட் போடுகிறவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது. அவர்கள் எதையும் மறக்கமாட்டார்கள் என்று நீங்கள் நம்புவீர்கள். அவர்களும் அப்படியே நம்பிக்கொண்டிருப்பார்கள். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. கல்லூரி நாட்களில் பல் தேய்ப்பதைக்கூட எழுதி வைத்து, தேய்த்த பிறகு டிக் அடித்தவள் நான்.

பி.எஸ்ஸி. முடித்ததும் மத்தியப் பிரதேசத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. புள்ளியியலுக்கு இடம் கிடைத்தது. (பெயர் வேண்டாம். அந்த அலுவலகத்தில் என்னை இன்னும் நினைவு வைத்திருக்கக்கூடும்.) ஆலங்குடியில் எங்கள் வீட்டிலிருந்து அதுவரை படிப்புக்காக யாரும் திருச்சியைத் தாண்டியதில்லை. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்கவேண்டும். தவறினால், காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும்.

என் தம்பி சரவணன் அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கி, வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். "ரயில்ல போயி என்னத்தக்கா பாக்கப் போறே? நானே கொண்டுபோயி விடுறேன். ரெண்டு பேரும் இந்தியாவப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்றான். ஆசையாகத்தான் சொன்னான். நான் அந்த ஆசையை எக்செல் ஷீட்டாக மாற்றினேன். எந்த ஊரை எத்தனை மணிக்குக் கடக்கவேண்டும், எங்கே டீ, எங்கே டீசல், டீக்கு எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் இருந்தன. பின்பக்கத்தில் காரில் ஏற்றவேண்டிய அறுபத்து நான்கு பொருள்கள். மழையில் நனையக்கூடாது என்று லாமினேட் செய்து அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கெங்க மூச்சு விடணும்னு போடலையேக்கா."

புதன்கிழமை காலை கிளம்புவதாகத் திட்டம். அம்மா தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு, செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது என்றார். நான் ஒரு புள்ளியியல் பட்டதாரியாக (பட்டம் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது) சூலத்துக்கும் சாலை விபத்துக்கும் தொடர்பில்லை என்று அரைமணி நேரம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "அப்படின்னா பரஸ்தானம் வச்சிருவோம்" என்றார்.

நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள் தங்கள் பையை மட்டும் ஒரு நல்ல நாளில் முன்னதாக அனுப்பி, போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிய கணக்கு. பிறகு எந்தக் கிழமையில் புறப்பட்டாலும் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். இதுதான் பரஸ்தானம். எங்களுக்கு அந்த வீடு புதுக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கும் சித்தி வீடு.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை, அம்மா ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். "ஒனக்கு ரொம்ப முக்கியமானது ஏதாச்சும் ஒண்ணு போடு. சும்மா பழந்துணியப் போட்டா செல்லாது."

நான் அப்போது சாமான்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். தொந்தரவு தீர்ந்தால் சரி என்று, மேசைமேல் இருந்த நீல ஃபைலை எடுத்துப் பைக்குள் போட்டேன். "இதவிட முக்கியமானது எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. போதுமா?" என்று ஒரு நக்கல் வேறு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலிருந்து பட்டச் சான்றிதழ் வரைக்கும் என் வாழ்க்கை மொத்தமும் அந்த ஃபைலில் இருந்தது. லிஸ்டில் 'ஃபைல்' என்ற இடத்தில் டிக் அடித்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பியாயிற்று அல்லவா, அதனால். அம்மா பையோடு பஸ் ஏறினார்.

புதன்கிழமை விடியலில் கிளம்பினோம். புதுக்கோட்டை நெருங்கியதும் தம்பி ஊருக்குள் திருப்ப இண்டிகேட்டர் போட்டான்.

"எங்கடா போறே? சுத்துரோட்டுல போ."

"சித்தி வீட்டுக்குப் போக வேணாமா?"

"போனா காப்பிம்பாங்க, இட்லிம்பாங்க, முக்கா மணி நேரம் போயிரும். ஷீட்ல அந்த ஸ்டாப்பே இல்ல. போன்ல சொல்லிக்கலாம்."

"அந்தப் பை?"

"அது சாங்கியப் பைடா. அம்மா திரும்ப எடுத்துக்குவாங்க."

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். இண்டிகேட்டரை அணைத்தான். நாற்பது நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. சேலம் வரைக்கும் அந்தப் பெருமையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த இரண்டு நாட்களில் நாங்கள் இந்தியாவைப் பார்க்கவில்லை. நான் ஷீட்டைப் பார்த்தேன், அவன் ரோட்டைப் பார்த்தான். கர்நாடகத்தில் சூரியகாந்தி வயல் ஒன்றைக் கண்டு போட்டோ எடுக்க நிறுத்தட்டுமா என்று கேட்டான். ஏற்கெனவே பன்னிரண்டு நிமிடம் தாமதம் என்றேன். ஆந்திராவில் ஒரு ஏரிக்கரையில் காற்று வாங்கலாமா என்றான். ஏரி லிஸ்டில் இல்லை. அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், தெலங்கானா முடிந்து மகாராஷ்டிரா தொடங்குகிற இடத்தில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். தம்பி தன் கார் பேப்பர்களை ஒரு கசங்கிய பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தான். எனக்கு அந்தக் கவரைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"டாக்குமெண்ட்ட இப்படியாடா வைப்பாங்க? நா எப்படி வச்சிருக்கேன்னு பாரு" என்று இறங்கிப்போய் டிக்கியைத் திறந்தேன். ஃபைல் மேலாக இல்லை. மெத்தையை இறக்கினேன். அரிசிப் பையை இறக்கினேன். முந்திரிப் பருப்பு, ஊறுகாய், இட்லிக் குண்டான், பக்கெட், இஸ்திரிப் பெட்டி எல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்தன. அறுபத்து மூன்று பொருள்கள். போலீஸ்காரர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, நாங்கள் ஏதோ கடை போடுகிறோம் என்பதுபோல ஒதுங்கி நின்று பார்த்தார்.

தம்பி மெதுவாகக் கேட்டான். "அக்கா, திங்கக்கெழம அம்மா கொண்டுபோன பையில என்ன வச்சே?"

நான் மெத்தைமேல் உட்கார்ந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. என் எம்.எஸ்ஸி. ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

தம்பிதான் சித்திக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கினான்.

"பையா? பத்தரமா இருக்குய்யா. நாற்காலியில வச்சது வச்ச மாதிரி. நா தொடவே இல்ல" என்றார் சித்தி.

"நாங்க எடுக்க வரலையேன்னு நீங்க ஒரு போன் பண்ணலாம்ல சித்தி?" என்றேன்.

"நீ போயிச் சேர்ற வரைக்கும் இங்கதான் இருக்கணுமோன்னு நெனச்சேன் ஆத்தா. படிச்ச பிள்ள, எல்லாத்தையும் சரியாத்தான் செய்யும்னு இருந்துட்டேன்."

என் போனில் கூரியர் ஆபீசைக் கேட்டோம்; அனுப்பினால் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள். திரும்பிப்போய் எடுத்து வர நேரம் போதாது. நான் அழ ஆரம்பித்தேன். இன்னும் லைனில் இருந்த சித்தி, "அழுவாத. நா எடுத்துக்கிட்டு வாரேன்" என்றார்.

சித்தி அதுவரை போன அதிகபட்ச தூரம் சமயபுரம். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அன்று சாயங்காலமே தைக்க வந்த ரவிக்கைகளை அப்படியே போட்டுவிட்டு, புதுக்கோட்டையில் ரயில் ஏறிவிட்டார். சென்னையில் இறங்கி, வடக்கே போகிற ரயிலைத் தேடிப் பிடித்து, முன்பதிவில்லாத பெண்கள் பெட்டியில் இடம் பிடித்தார்.

தம்பி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மீதி வழியெல்லாம் தோன்றிய இடத்தில் நிறுத்தினான். என் லாமினேட் ஷீட்டில் வெங்காயமும் எலுமிச்சையும் வைத்து, தாபாவில் சப்பாத்தி தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு, பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் ஸ்டேஷனுக்குச் சித்தியின் ரயில் வந்தது. சித்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே இரண்டு வடநாட்டுப் பெண்கள் அவருடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் கிழிந்த ரவிக்கையை வழியிலேயே கையால் தைத்துக் கொடுத்தாராம். நான் ஓடிப்போய்ப் பையைப் பிடித்தேன். சித்தி விடவில்லை.

"இரு ஆத்தா. ராகு காலம். ஆறு மணிக்குத் தாரேன்."

"சித்தி, ஃபைல் உள்ள இருக்கான்னு மட்டும் பாத்துக்கிறேன்."

"இவ்வளவு தொலவு வந்துட்டு இப்ப கெடுத்துக்கிறதா? இங்கிட்டு வந்து உக்காரு."

மூன்று பேரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். சித்தியின் மடியில் பை. உள்ளே போட்டது அந்த நீல ஃபைல்தானா, அல்லது அதே நிறத்தில் இருந்த லேப் ரெக்கார்டா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சூலத்தைக் கேலி செய்த புள்ளியியல் பட்டதாரி எண்பது நிமிடம் ஸ்டேஷன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மனதுக்குள் ஊர்ச்சாமிகள் அத்தனை பேரையும் கும்பிட்டபடி. ஆறு மணிக்குச் சித்தி பையை அவிழ்த்தார். ஃபைல் இருந்தது. நான் அவர் தோளில் முகத்தை வைத்துத் தேம்பிவிட்டேன். சித்தி முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, தாள்களை ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னார்.

மறுநாள் இடம் உறுதியானது. சரிபார்த்து முடித்த கையோடு சித்தி ஃபைலைத் திரும்ப வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது ஒங்கிட்ட இருக்க வேணாம்" என்றார். தம்பி தலையாட்டினான். போனில் அம்மாவும் அப்பாவும் ஆமோதித்தார்கள். ஊர் திரும்பும்போது காரில் தம்பியும் சித்தியும் என் சான்றிதழ்களும் போனார்கள். அந்த ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்களாம்.

அன்றிலிருந்து என் ஃபைல் சித்தி வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது. எம்.எஸ்ஸி. பட்டமும் பிறகு வாங்கிய முனைவர் பட்டமும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. எனக்குத் தேவைப்பட்டால் நல்ல நேரம் பார்த்துப் போய்க் கேட்கவேண்டும். சித்தி நகல் தருவார். அசல் வேண்டுமானால் அவரே கூட வருவார்.

இப்போது நான் வேலை பார்க்கும் கல்லூரியின் நேர்முகத் தேர்விலும் அப்படித்தான் நடந்தது. அசல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். "வெளியே சித்தி வச்சிருக்காங்க" என்றேன். எதிரே இருந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சித்தியை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார்கள். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்து, அவர்கள் பார்த்து முடிக்கும் வரை விரல் எடுக்காமல் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்து, திரும்ப வாங்கி எண்ணி வைத்தார். பாடத்தில் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். சித்தியிடம் கால்மணி நேரம் பேசினார்கள். மறுவாரம் உத்தரவு வந்தது.

வேலை கிடைத்தது சித்திக்குத்தான், அவருக்குத் தையல் கடையை விட்டுவர முடியாததால் என்னை அனுப்பி வைத்திருக்கிறார் என்று தம்பி இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.