9991இல் வந்த சம்பந்தி

பகா எண் பித்தர் என்று ஓர் இனம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் நன்றாகவே செழித்திருக்கிறது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாத எண் பகா எண் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், பரீட்சை முடிந்ததும் மறந்தோம். இவர்கள் மறக்கவில்லை. அதுதான் வியாதி.

அடையாளம் சுலபம். நெரிசலில் நீங்களும் நானும் முன்னால் நிற்கும் லோரியைத் திட்டுவோம். இவரோ அதன் நம்பரை மூன்றால் வகுத்து, ஏழால் வகுத்து, பதின்மூன்றால் வகுத்து, பின்னால் ஹார்ன் அலறுவதும் காதில் விழாமல் புன்னகை பூத்து நிற்பார்.

என் பக்கத்து வீட்டுக்காரர் பண்டமாரான் சிவநேசனுக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கிற வேலை. கேட்க வேண்டுமா? பதிமூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற, நான்கு கோடி இலக்கத்துக்கும் நீளமான பகா எண்ணை 2024இல் கண்டுபிடித்தார்களே, அந்த வாரம் தெருவுக்கே லட்டு கொடுத்தார். என்ன குழந்தை என்று விசாரித்தவர்களும் உண்டு. நான்கு இலக்கத்தில் மிகப் பெரியது 9973 என்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார். அடுத்த மேசைக்காரர் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு லாட்டரிக் கடைக்கு ஓடினார்.

போன மாதம் மகள் குமுதாவுக்கு நிச்சயதார்த்தம். எண்களைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று மனைவி சீதாலெட்சுமி காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தார். மனிதர் தட்டு மாற்றும் நேரம் வரை தாக்குப்பிடித்தார். அப்போது பார்த்து மாப்பிள்ளையின் அப்பா, செமினி பக்கிரிசாமி, தாம் ஏலத்தில் எடுத்த கார் நம்பர் 9991ஐப் பற்றிப் பெருமையடித்தார்.

சிவநேசனின் உதடு துடித்தது. சீதாலெட்சுமி அவர் காலை மிதித்தார். பயனில்லை.

"நல்ல நம்பர்தான் சம்பந்தி. பார்க்க ஒத்துமையா நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள ரெண்டா பிரிஞ்சிரும் லா."

பிரிஞ்சிரும்! நிச்சயதார்த்த வீட்டில், தட்டு கைமாறும் நேரத்தில்! பக்கிரிசாமி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அத்தை எழுந்து செருப்பைத் தேடினார். வாய் நிறைய வடையோடு நின்ற எனக்கு விழுங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

குமுதாதான் நிமிர்ந்தாள். "மாமா, 97ஐ 103ஆல பெருக்கினா 9991. அந்த ரெண்டையுமே யாராலயும் பிரிக்க முடியாது. இந்த ஜோடி சேர்ந்தாதான் உங்க நம்பர். வேற எந்த ஜோடி சேர்ந்தாலும் வராது."

ஒன்றோடு 9991ஐப் பெருக்கினாலும் வருமே என்று திருத்த சிவநேசன் வாயைத் திறந்தார். சீதாலெட்சுமி இன்னொரு காலையும் மிதித்தார்.

பக்கிரிசாமி கைப்பேசியை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். தட்டு மெல்ல இந்தப் பக்கம் வந்தது. சந்தோஷம் தாங்காமல் நான் இன்னொரு வடை எடுத்தேன்.

இப்போது பக்கிரிசாமி தினமும் செமினியிலிருந்து போன் போட்டு, வழியில் பார்த்த கார் நம்பர்களை சம்பந்திக்கு வாசித்துக் காட்டுகிறாராம். தொற்று வியாதி, வேறென்ன?

நமக்கெல்லாம் இது வராது என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சற்றுமுன் 97ஐ 103ஆல் மனசுக்குள் பெருக்கிச் சரிபார்த்தது யார்?