இருபத்தைந்தில் ஏழாவது

வெட்டி முடித்த பிறகுதான் ரெஜினா கேட்டாள்.

"என்னங்க, அடியில பென்சில்ல ஏதோ எழுதியிருந்துச்சே, எங்க?"

உபகாரத்தின் கையிலிருந்த கத்தி நின்றுபோயிற்று. செண்பகனூரில் முப்பது வருஷமாகப் படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவர். கல்யாண ஃபோட்டோவோ, மாதா படமோ, எது வந்தாலும் ஓரத்து வெள்ளையைச் சீவிவிட்டுத்தான் ஃபிரேமுக்குள் ஏற்றுவார். இன்றைக்கும் கை தன்பாட்டுக்குச் சீவிவிட்டது. சீவிய துண்டில்தான் 7/25 என்ற எண்ணும் ஓவியரின் கையெழுத்தும் இருந்தன.

வட்டக்கானலில் புதிதாக ஓவியக் கேலரி திறக்கப்போகும் ஸ்வேதா மேடம் காலையில் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"உலகத்துலயே மொத்தம் இருபத்தஞ்சு பிரிண்ட்தான் உபகாரம். போட்டு முடிச்சதும் அச்சையே உடைச்சுட்டாங்க. இந்தக் கையெழுத்துதான் இதுக்கு உயிர். நாலு மணிக்கு வர்றேன். நல்லா வந்துச்சுன்னா கேலரி வேலை முழுக்க உங்களுக்குத்தான்."

சமாதானம் என்ற தலைப்பில் வெளிநாட்டு நவீன ஓவியர்கள் போட்ட வரிசையில் ஒன்றாம் அது. சாம்பல் தாளில் ஒரு நீளக் கோடு. கோட்டின் முடிவில் ஒற்றைச் செருப்பு. போர் முடிந்து வீடு திரும்பியவனின் செருப்பு என்றார் மேடம். இன்னொன்று எங்கே என்று கேட்க உபகாரத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. பெரிய இடத்து வேலையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

இப்போது மணி இரண்டு.

"மைதாப் பசைய வெரசா கொண்டா. ஒட்டிருவோம்."

ஒட்டினார். கொடைக்கானல் வெயிலைக் கண்டு நாலு நாளாகிறது. பசை காய்வேனா என்று அடம்பிடித்தது. துண்டு ஈரத்தில் ஊறி நெளிந்தது.

"இஸ்திரிப் பெட்டிய லேசா காட்டுங்க" என்றாள் ரெஜினா.

லேசாகத்தான் காட்டினார். துண்டு தோசை மாதிரி முறுகிச் சிவந்து, படத்தை விட்டுக் கழன்று கையோடு வந்தது.

மணி மூன்று.

"ஏங்க, செருப்புக்குக் கீழ இம்புட்டு எடம் சும்மாத்தான கெடக்கு? பாத்து நீங்களே எழுதிருங்களேன்."

"அடியே, அது கள்ளக் கையெழுத்துடீ! போலீசு புடிச்சா?"

"அப்ப கேலரி வேலை?"

உபகாரம் பென்சிலைச் சீவினார். பழைய காலண்டரின் முதுகில் இருபது தடவை போட்டுப் பழகினார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு படத்திலேயே போட்டார். கடைசி ஆணியை அடிக்கவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஸ்வேதா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பிரமாதம்! கையெழுத்து எவ்வளவு பளிச்சுனு தெரியுது! உபகாரம், நாளைக்கே கேலரிக்கு வந்துருங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் உபகாரத்துக்கு மனசு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"மன்னிச்சிருங்க மேடம். அந்தக் கையெழுத்து நான் போட்டது. அசலு இந்தா இருக்கு" என்று சட்டைப்பையிலிருந்து கருகிய துண்டை எடுத்து நீட்டினார்.

மேடத்தின் முகம் வெளுத்து, உடனே சிவந்தது.

"ஒரு கலைஞனோட கையெழுத்தை நீங்க எப்படிப் போடலாம்? இது ஃபோர்ஜரி! ஜெயிலுக்குப் போவீங்க, தெரியுமா?" ஃபோனை எடுத்துவிட்டார்.

"வேணாம் மேடம்! எம்புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்" என்று ரெஜினா அழுதாள்.

படத்தை எடுத்துப்போக வந்த டிரைவர் சிவமுருகனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. துண்டை வாங்கிப் படத்தின் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"விடுங்க மேடம், பாவம். நேத்து மலையேறுறப்ப கார்ல உக்காந்து நீங்க போட்டதவிட அண்ணன் போட்டது எவ்வளவோ தேவலயே!"