பியர் வாளிக்குச் சொன்ன செபமாலை

டோர்செட் பார்க், ஸ்காபரோ
மாசி, 1994

அன்பின் மச்சான் கிளிபோட்டுக்கு,

தேவ கிருபையாலும் உமது தங்கச்சி வேரோனிக்காவின் பொறுமையாலும் நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம். மிசிசாகாவில் நீரும் குடும்பமும் சுகமாக இருக்கவேண்டும் என்று எழுதுவது முறை, ஆகையால் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீர் புதிதாகப் பூட்டியிருக்கும் பதில் சொல்லும் மெசினிடம் என் மானம் போன கதையைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு நீரே வடித்த பியரை ஊற்றித் தந்து, "உது சின்ன வேலை மச்சான். தகரப் பேணியிலை இருக்கிற பார்லிப் பாகைத் தண்ணியிலை கரைச்சு, ஈஸ்ற்றைத் தூவி, வாளியை மூடி வையும். தன்பாட்டிலை புளிக்கும்" என்றீர். நானும் உள்ளே போன பியரின் வீரத்தில், மகள் நடாஷாவின் நிச்சயார்த்தத்துக்கு என் கையாலேயே வடிப்பேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். வாளிக்குக் குளிரும் என்பதை மட்டும் நீர் சொல்லவில்லை. ஊரில் கள்ளு முட்டிக்கு எவனாவது கம்பளி போர்த்தினானா? இங்கே தை மாதக் குளிரில் எங்கள் கட்டடத்து ஹீற்றர் பேருக்குத்தான் சுவரில் இருக்கிறது. சூப்பரின்ரெண்டனைக் கூப்பிட்டுக் காட்டினால், கையுறையைக் கழற்றாமலே அதைத் தொட்டுப் பார்த்து, நல்ல சூடு என்று சொல்லிவிட்டுப் போனான். மூடியில் செருகிய குழாய் வழியாக முதலில் புளுக் புளுக்கென்று மூச்சுவிட்ட வாளி, மறுநாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

வேறு வழியின்றி அதைச் சின்ன அறைக்குத் தூக்கிப்போய், மெத்தையில் சுவரோடு அணைத்து வைத்து, வேரோனிக்காவின் மின்சாரப் போர்வையால் சுற்றி, மேலே என் பழைய கோட்டைப் போட்டு, மூடிக்கு ஒரு கம்பளித் தொப்பியும் கவிழ்த்து, யன்னல் திரையை இழுத்துவிட்டேன். "என்ரை முதுகு நோவுக்கு வாங்கின போர்வை உங்கடை வாளிக்கோ? எனக்கு ஒரு நாளாவது இப்பிடிப் போர்த்தி விட்டிருப்பியளோ?" என்று வேரோனிக்கா கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனாலும் நான் போர்வையின் சூட்டை இன்னும் ஒரு படி கூட்டிவிட்டேன்.

அன்று மாலை செபக்கூட்டம் எங்கள் வீட்டில் என்பது எனக்கு மறந்தே போயிற்று. யேசுரட்ணம் அண்ணை தலைமையில் சனம் வந்து ஹோல் நிறைந்துவிட்டது. பாத்ரூமுக்கு எழும்பிப் போன கிளடிஸ் அன்ரி கதவு மாறித் திறந்துவிட்டு, "ஐயோ பஸ்ரியன்! ஒரு வருத்தக்காரரை இருட்டுக்கை இருத்தி வைச்சிருக்கிறியள், ஒரு வார்த்தை சொல்லேல்லையே!" என்று கத்தினார். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் போன கூட்டத்தில் குடிக்கு எதிராகப் பேசிக் கைதட்டு வாங்கியவள் வேரோனிக்கா. அவள் முந்திக்கொண்டு, "அது இவற்றை சித்தப்பா. குளிருக்கு வாயடைச்சுப் போச்சு" என்றாள். ஒரு வாளியைக்கூட உங்கள் பக்கத்துச் சொந்தமாக ஏற்றுக்கொள்ள உமது தங்கச்சிக்கு மனம் வரவில்லை என்பதைக் கவனியும்.

முழுச் சனமும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்துப் புகுந்தது. யேசுரட்ணம் அண்ணை கோட்டின்மேல் கையை வைத்து, "காய்ச்சல் கொதிக்குது" என்றார். எல்லோரும் கைநீட்டி உரத்துச் செபித்தார்கள். போர்வைச் சூட்டோடு சனத்தின் சூடும் சேர, தொப்பிக்குள்ளிருந்து "புளுக்" என்றது. "மூச்சு வருது, தோத்திரம்!" என்று கிளடிஸ் அன்ரி அழுதார். செபம் ஏற ஏறப் புளுக்கும் ஏறியது. அண்ணை குனிந்து மோந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மறைக்காதையும் தம்பி. சித்தப்பா குடிக்கிறவரோ?"

"ஓம் அண்ணை. கழுத்து மட்டும் நிரம்பித்தான் இருக்கிறார்."

பிறகென்ன, பியர் வாளிக்குக் குடிப்பழக்கம் விட்டுப்போகவேண்டும் என்று கண்ணீரோடு ஒரு முழுச் செபமாலை சொல்லி முடித்தார்கள்.

ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊரெல்லாம் செய்தி. ஒருவர் சூப் கொண்டுவந்தார். ஒருவர் அகதி வழக்குக்கு லோயர் பிடித்துத் தருவதாகச் சொன்னார். சித்தப்பாவை நாங்கள் பட்டினி போடுகிறோம் என்றும் ஒரு கதை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பேஸ்மென்ற்றில் காய்ச்சலோடு கிடந்தபோது எட்டிப் பார்க்காத சனம், மச்சான்! வாளியாகப் பிறந்திருந்தால் எனக்கும் சூப் கிடைத்திருக்கும். நடாஷாவோ, "அப்பா, இற்ஸ் சோ எம்பரஸிங். உங்கடை சித்தப்பாவை எங்கேஜ்மென்ற்றுக்குக் கூப்பிடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் கேக்கினம்" என்று அழுதாள். கடைசியில் சித்தப்பா மொன்றியலுக்குப் போய்விட்டார் என்று அறிவித்து, கதவைப் பூட்டிக்கொண்டு அவரைப் போத்தல்களில் அடைத்தேன்.

ஆகவே இதுவே என் முதலும் கடைசியுமான பியர். போத்தல்களை ருசிகூடப் பார்க்காமல் கவிழ்த்து ஊற்றிவிடப்போகிறோம். நிச்சயார்த்தத்தில் சோடாதான். பாகு, ஈஸ்ற் என்று எதையும் கையில் பிடித்துக்கொண்டு நீர் எங்கள் வாசலை மிதிக்கவேண்டாம்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மாதா உம்மையும் உமது மெசினையும் காப்பாராக.

மனம் நொந்த மச்சான்,
பஸ்ரியன்

பி.கு.: முத்திரை ஒட்டுமுன் வேரோனிக்கா, பழுதாகிவிட்டதா என்று பார்க்க ஒரு போத்தலைத் திறந்தாள். அடி காணும்வரை பார்த்தாள். அந்த நேரம் யேசுரட்ணம் அண்ணை போன் எடுத்து மெல்லிய குரலில், "தம்பி, சித்தப்பா மொன்றியல் போகேல்லை எண்டு எனக்குத் தெரியும். எனக்கென்ன மூக்கில்லையே? எங்கடை வீட்டிலை ஹீற்றர் நல்ல சூடு. அவற்றை சகோதரங்கள் ஆரும் இருந்தால் இஞ்சை அனுப்பிவிடும், நான் பாக்கிறன்" என்றார். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வரும்போது இரண்டு பேணி பாகு கொண்டுவாரும்.