ஆளுக்கொரு வாசல்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது யாரும் வழக்காடக் கூடாது. தோற்றுத்தான் போக வேண்டியிருக்கும்.

"தையல்கார அம்மா ஒண்ணு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டார் டாக்டர். அவர் கையில் துளை போடும் கருவி கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. "பூங்கா வாசல்ல பட்டாம்பூச்சித் தோட்டம்தான் வருதாமே?"

"ஆ," என்றார் சரிங்க.

"எங்கிட்ட மூலிகைத் தோட்டம்தான் வாசல்லன்னு சொன்னீங்க."

"ஆஆ."

"அப்ப மூலிகைதான். நாளைக்கு அதிகாரி வர்றப்ப அதுல மாத்தம் இருக்கக் கூடாது. சரிதானே?"

கருவி பல்லை நெருங்கியது. "ஆங்," என்று சரிங்க அவசரமாகத் தலையாட்டினார்.

சரிங்க என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. அவர் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். கல்யாணப் படமோ, கரையான் அரித்த சான்றிதழோ, யார் எதைக் கொண்டுவந்து எந்த அளவில் கேட்டாலும் 'சரிங்க' என்று வாங்கி வைத்துக்கொள்வார். கடைக்காரனுக்கு அது நல்ல குணம். பூங்காக் குழுவின் செயலாளருக்கு அது தீராத வியாதி.

அவர் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நகராட்சியின் காலி மனை ஒன்று கிடந்தது. அதில் வண்டி நிறுத்துமிடம் கட்ட வேண்டும் என்று கடைத்தெரு வியாபாரிகள் மனுக் கொடுத்தார்கள். தாவரவியல் பூங்கா அமைக்க வேண்டும் என்று தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். புதிதாக வந்திருந்த அதிகாரி அம்மா கறாரானவர். "காகிதத்துல எல்லாருமே நல்லாத்தான் வரையறாங்க. தரையில சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்க, பார்த்துட்டு முடிவு பண்றேன்," என்று தெருக்காரர்களிடம் சொல்லிவிட்டார்.

சரிங்கவின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில், அதே ஜன்னல் ஓரத்தில்தான் தூங்குவாள்.

"அங்க வண்டிங்க வந்து நின்னுச்சுன்னா எனக்குத் தூக்கம் போச்சு," என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். "தூக்கக் கலக்கத்துல ஒரு நாள் யாருக்காவது மாத்தி ஊசி போட்டுருவேன். வெளியாளுக்குப் போட மாட்டேன், உங்களுக்குத்தான் போடுவேன்."

மனைவிக்காகத்தான் அவர் செயலாளர் ஆனார். அவளுக்காகவே உட்கார்ந்து, அழகான வரைபடம் ஒன்றும் போட்டார். நடுவில் அல்லிக்குளம், அதன் கரையில் ஒரு புங்கமரம், மரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் பாதை. பாதையோரம் மூலிகைத் தோட்டம், பட்டாம்பூச்சித் தோட்டம், குழந்தைகள் தொட்டுப் பார்க்கும் தோட்டம். அவள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருந்ததே எனக்குத் தெரியாமப் போச்சு," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாங்கிய பாராட்டுகளில் அதுதான் பெரியது.

கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள். "யாராவது ஒருத்தர்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லுங்க."

"சரி," என்றார் அவர்.

இப்போது வீங்கிய கன்னத்தோடு அவர் தையல் கடைக்கு ஓடினார். தையல்கார அக்கா இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தவில்லை.

"டாக்டர் பேச்சைக் கேட்டுட்டுதானே வந்திருக்கே? உன் மூஞ்சியே சொல்லுது."

"அக்கா, அவரும் வாசல் வேணும்ங்கறாரு..."

"எனக்கு வாக்குக் கொடுத்துட்டே. நான் பட்டாம்பூச்சிக்காக விதையெல்லாம் சேர்த்து வெச்சிருக்கேன். வாசல் இல்லேன்னா, நாளைக்கு அந்த அம்மா முன்னாடியே 'எனக்கு இந்தப் பூங்காவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்'னு சொல்லிடுவேன்."

குழுவில் ஒருவர் வேண்டாம் என்றால்கூடப் போதும், வியாபாரிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நொடியில் சரிங்கவுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. இதற்குப் பிறகு அவருக்கு வந்த யோசனைகள் எல்லாவற்றுக்கும் தாய் யோசனை அதுதான்.

"அக்கா, வாசல் ஒண்ணுதான் இருக்கணும்னு யார் சொன்னா? கிழக்கால ஒண்ணு வைப்போம். உங்களுக்கே உங்களுக்கு."

தையல் இயந்திரம் நின்றது. "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

மனம் லேசாகி அவர் மனைக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே கையில் அளவு நாடாவோடு டீச்சர் நின்றிருந்தார். உள்ளூர்ப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் அவர் தெருவில் நடந்தால், நாற்பது வயதுக்காரர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

"ரெண்டு வாசலாமே, தையல் கடையிலேருந்து இப்பத்தான் போன் வந்துச்சு," என்றார் டீச்சர். "குழந்தைங்க தோட்டத்துக்கு மட்டும் ஓட்டை வழியா வரணுமாக்கும்?"

"உங்களுக்கும் மேற்கால ஒரு வாசல் வெச்சிடலாம் டீச்சர்."

"நான் சலுகை கேக்கல. நியாயம் கேக்கறேன். டாக்டர் வாசல்ல நுழையறவன் மூலிகையைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டான்னா? மத்த தோட்டம் என்ன பாவம் பண்ணுச்சு? எந்த வாசல்ல வந்தாலும் எல்லாத் தோட்டமும் கண்ணுல படணும். யோசிச்சுப் பாரு."

சரிங்க யோசித்தார். யோசித்தால் டீச்சர் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் டீச்சரிடம் உள்ள பெரிய தொல்லை. ஒவ்வொரு வாசலிலும் எல்லாத் தோட்டமும் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு தோட்டத்தையும் துண்டு துண்டாக வெட்டி எல்லா வாசல்களுக்கும் பங்கு வைக்க வேண்டும். வளைந்த பாதையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

"சரிங்க டீச்சர்," என்றார். வளைந்த பாதை அத்தோடு நிமிர்ந்தது.

மாலை வெயில் சாயும் நேரத்தில் குழு முழுவதும் மனையில் கூடியது. சுண்ணாம்புப் பொடி வாளியோடு சரிங்க குனிந்து நின்றார். முதல் கோடு போடும் முன்னே சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"மூலிகைக்குப் பக்கத்துலயே பட்டாம்பூச்சியா?" என்று குதித்தார் டாக்டர். "புழு வந்து என் செடியை மொட்டை அடிச்சிடுமே!"

"புழு இல்லாம பட்டாம்பூச்சி என்ன ஆகாயத்துலேர்ந்து பொத்துன்னு விழுமா?" என்றார் அக்கா.

"அப்ப அதுங்களை உங்க கடைத் துணியைத் தின்னச் சொல்லுங்க!"

"ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டுடறேன்," என்று சரிங்க கும்பிடாத குறையாகச் சொன்னார். "புழு தாண்ட முடியாதபடி ஒரு சந்து. எல்லாப் பாத்திக்கும் ரெண்டு பக்கமும் விட்டுடறேன். சரிங்களா?"

அடுத்த தகராறு அளவில் வந்தது. தன் பாத்தி அக்காவின் பாத்தியைவிட ஒரு சாண் குறைவு என்று டாக்டர் கண்டுபிடித்தார். டாக்டர் நாடாவை இழுத்துப் பிடித்து அளக்கிறார் என்று அக்கா கண்டுபிடித்தார். எல்லாப் பாத்தியும் ஒரே நீளம், ஒரே அகலம் என்று தீர்ப்புச் சொன்னார் டீச்சர். இதில் மட்டும் சரிங்க தன்னம்பிக்கையோடு இறங்கினார். வாழ்நாள் முழுக்கச் செவ்வகம் வெட்டியவர் அல்லவா? மூலை மட்டத்தை வைத்து, நூல் பிடித்து, அச்சில் வார்த்ததுபோல் பாத்தி பாத்தியாக இழுத்துக்கொண்டு போனார்.

புங்கமரத்துக்கு வட்டம் போடப் போனபோது அக்கா தடுத்தார். நிழல் விழுந்தால் பட்டாம்பூச்சி வராதாம். மரம் போயிற்று. குளத்துக்கு வட்டம் போடப் போனபோது டாக்டர் தடுத்தார். தேங்கிய தண்ணீரில் கொசு வருமாம். குளமும் போயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று சரிங்க வாளியை அடுத்த பக்கம் நகர்த்தினார். ஆனால் குளம் இருந்திருக்க வேண்டிய இடத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். மனைவி அதைத்தானே அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்!

"பாதை இத்தனூண்டு இருந்தா எருவண்டி எப்படி வரும்?" என்றார் அக்கா. பாதை அகலமாயிற்று.

"எருவண்டி வந்தா எப்படித் திரும்பும்?" என்றார் டாக்டர். இன்னும் அகலமாயிற்று.

"எதிரும் புதிருமா ஓடி வந்தா குழந்தைங்க முட்டிக்கும். ஒரு பக்கமாப் போய் இன்னொரு பக்கமா வரணும்," என்றார் டீச்சர். பாதை நெடுக அம்புக்குறிகள் முளைத்தன.

கடைசியில் பெயர்ப் பலகைப் பிரச்சினை வந்தது. யார் பெயரை மேலே எழுதுவது, யார் தோட்டத்தை முதலில் சொல்வது என்று ஆரம்பித்து, "உங்க மருந்தால எம் பல்லே ஆடுது", "நீங்க தைச்ச சட்டைக்குள்ள என் கையே போகல" என்பதுவரை போனது. பேரே வேண்டாம், நம்பர் போட்டுவிடலாம் என்று சரிங்க கெஞ்சினார். எல்லாரும் களைத்துப் போயிருந்ததால் ஒத்துக்கொண்டார்கள். கட்டம் கட்டமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று சுண்ணாம்பில் எண்களைப் போட்டு முடித்து நிமிர்ந்தபோது, அவர் முதுகு நிமிர மறுத்தது.

ஆனால் யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. நாளைக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அது போதும் அவருக்கு.

காலையில் அதிகாரி வருவதற்குச் சற்று முன் மனைவி வேலை முடிந்து வந்தாள். சீருடையைக்கூட மாற்றாமல் நேரே மனைக்கு வந்து, கோடுகளைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏங்க, மரம் எங்க?"

"நிழல் விழும்னு..."

"குளம்?"

"கொசு வரும்னு..."

"பூவாவது இருக்கா?"

"பூ இந்தக் கட்டத்துக்குள்ள வரும். எல்லாருக்கும் சம பங்கு. ஒரு சண்டையும் இல்லை பாரு."

அவள் ஒரு அம்புக்குறி மேல் நின்றுகொண்டு அது காட்டிய பக்கம் பார்த்தாள். பிறகு மேலே தன் ஜன்னலைப் பார்த்தாள். "இதை நான் எங்கயோ பார்த்த மாதிரியே..."

அதற்குள் அதிகாரியின் கார் வந்து நின்றது.

அதிகாரி அம்மா கிழக்கு வாசலில் நுழைந்து, அம்புக்குறி போகும் வழியே நடந்தார். குனிந்து ஒரு கட்டத்தின் அகலத்தைக் காலடியால் அளந்தார். சந்தைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். சரிங்கவுக்கு நெற்றியில் வேர்த்து, வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது. டாக்டரும் அக்காவும், ஜென்மப் பகையை மறந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி திரும்பி வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"இதைப் போட்டது யாரு?"

"நான்தாங்க மேடம்," என்றார் சரிங்க, தூக்குமேடை ஏறுகிறவர் குரலில்.

"அற்புதம்! ஒரு அடி இடம்கூட வீணாகல. நுழைய ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. எங்க ஆபீஸ்ல யாருக்கும் இது தோணல."

"அம்புக்குறி என் யோசனை," என்றார் டீச்சர்.

"சந்து விடச் சொன்னதே நான்தான்," என்றார் டாக்டர்.

"அகலம் யாரு சொன்னதுன்னு கேளுங்க மேடம்," என்றார் அக்கா.

"உண்மையைச் சொல்றேன்," என்றார் அதிகாரி, குரல் நெகிழ்ந்து. "நீங்க பிடிச்ச பிடியிலயே நிப்பீங்க, பெரிய சண்டை வரும்னு பயந்துகிட்டுதான் வந்தேன். இவ்வளவு பெருந்தன்மையா விட்டுக்கொடுப்பீங்கன்னு எதிர்பார்க்கவே இல்லை."

"எல்லாம் இவரோட பொறுமைங்க மேடம்," என்று அக்கா சரிங்கவின் தோளைத் தட்டினார்.

சரிங்கவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் 'சரிங்க'வுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது. கார் மேலேயே காகிதத்தை விரித்து அதிகாரி உத்தரவில் கையெழுத்துப் போட்டார். "இதுல ஒரு கோட்டைக்கூட யாரும் மாத்தக் கூடாது. நாளைக்கே வேலை ஆரம்பம்," என்று சரிங்கவின் கையைக் குலுக்கினார்.

சரிங்க பெருமையோடு மனைவியைத் தேடினார். அவள் சிரிக்கவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பினார். அதிகாரியின் டிரைவர் காரைப் பின்பக்கமாகவே ஓட்டி, ஏழாம் நம்பர் பாத்திக்குள் கோடு கலையாமல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இரண்டு பக்கக் கதவையும் விரியத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அச்சா உக்காந்துருச்சு மேடம், கதவு திறக்கக்கூட இடம் விட்டுக் கோடு போட்டிருக்காங்க!" என்று அவன் அங்கிருந்தே கத்தினான். "இவங்களையா நாம பார்க்கிங் வேணாம்னு சண்டை போடறவங்கன்னு நினைச்சோம்?"